ஜெயிக்கிற பணமும் நிலைக்கிற பணமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஃபுட்பால் பதிவு. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் விளையாட்டே இல்லை என்று நினைக்கும் அன்பர்கள் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பதிவுக்கு வரலாம். ஆனால் பணம், வேலை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களை ராத்திரி தூங்கவிடாத சமாச்சாரங்களும் நடுவில் வரும். அதனால் கொஞ்சம் இருந்து பார்த்துவிட்டே போங்களேன்.

செம்பூரில் எங்கள் பில்டிங் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து பிரிமியர் லீக் என்றால் உயிர். பாலக்காட்டுப் பையன் லிவர்பூல், சிந்திப் பையன் செல்சி, நம் வீட்டு வாரிசு ஆர்சனல். மான்செஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது, ஆனால் அங்கே யாருக்கு எத்தனை மில்லியன் சம்பளம் என்பது அத்துப்படி. இவர்கள் கூடினால் அடிக்கடி வரும் சண்டை ஒன்று உண்டு. "இனிமேலும் நாலைந்து பணக்கார கிளப்தான் மாறி மாறி ஜெயிக்குமா? சின்ன கிளப்புக்கு வாய்ப்பே கிடையாதா?" என்பது.

பி.காம். படித்து, பேங்கில் இருபது வருடம் மற்றவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தே கண்ணாடி பவர் ஏறிப்போன எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது. ஆட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது. கணக்கு கொஞ்சம் தெரியும். அதை வைத்துப் பார்க்கிறேன்.

இங்கிலாந்துக் கணக்கு முதலில். பிரிமியர் லீக் 1992ல் ஆரம்பித்தது. 2025 வரை 33 சீசன்கள். மான்செஸ்டர் யுனைடெட் 13, மான்செஸ்டர் சிட்டி 8, செல்சி 5, ஆர்சனல் 3, லிவர்பூல் 2. ஆக ஐந்தே கிளப்புகள் 31 தடவை. மிச்சம் இரண்டில் ஒன்று 1995ல் பிளாக்பர்ன், இன்னொன்று 2016ல் லெஸ்டர். அவ்வளவுதான்.

"பிக் ஃபோர்" என்று பேசிக்கொண்டிருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? 2005-06 தொடங்கி 2008-09 வரை நாலு சீசன்கள் தொடர்ந்து முதல் நாலு இடமும் அதே நாலு கிளப்புகளுக்குத்தான். யுனைடெட், செல்சி, ஆர்சனல், லிவர்பூல். வரிசைதான் மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். நம் ஊர் கூட்டுறவு சங்கத் தேர்தல் மாதிரி. பிறகு 2008ல் அபுதாபி பணம் வந்து மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. நாலு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஐந்தாவது ஆள் தோளை இடித்து உட்கார்ந்தார். 2018 முதல் 2024 வரை ஏழு சீசனில் ஆறு பட்டம் அவர்களுக்கே.

இடையில் 2024-25 சீசன் ஆசை காட்டியது. எஃப்.ஏ. கோப்பை கிரிஸ்டல் பேலஸுக்குப் போனது, அவர்கள் சரித்திரத்திலேயே முதல் பெரிய கோப்பை. லீக் கோப்பையை நியூகாசில் எடுத்தது, உள்நாட்டுக் கோப்பை ஒன்று அவர்கள் கைக்கு வந்தது 1955க்குப் பிறகு அப்போதுதான். ஆஹா, சின்னவர்கள் காலம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். (நியூகாசிலை 2021ல் வாங்கியது சவூதி அரசின் முதலீட்டு நிதி. ரொம்பச் சின்னவர்தான்!) அதே சீசனில் கீழே என்ன நடந்தது? புதிதாக மேலே வந்த மூன்று கிளப்புகளும் அப்படியே திரும்பக் கீழே இறங்கின. அதற்கு முந்தின சீசனிலும் அதே கதை. 2025ல் இறங்கிய மூன்றில் ஒன்று லெஸ்டர். ஒன்பது வருடம் முன்னால் சாம்பியன்!

ஏன் இப்படி என்றால், விதிமுறையே அப்படித்தான். பேங்கில் சின்ன வியாபாரிக்கு நடைமுறை மூலதனக் கடன் கொடுக்க ஒரு கணக்கு உண்டு. வருட விற்பனையில் 20 சதவீதம். ஒரு கோடி விற்கிறவருக்கு 20 லட்சம், பத்து லட்சம் விற்கிறவருக்கு 2 லட்சம். நியாயமான விதிதான், யாரும் அகலக்கால் வைக்க முடியாது. ஆனால் பெரிய கடை பெரிய கடையாகவே இருக்கும், சின்ன கடை சின்ன கடையாகவே இருக்கும். இங்கிலாந்திலும் இதே தர்க்கம்தான். பல வருடமாக இருந்த விதிப்படி, மூன்று வருடத்தில் மொத்தமாக 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. 2026-27 சீசனிலிருந்து, அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2025 நவம்பரில் தீர்மானம் போட்டார்கள். வருமானம் யாருக்கு அதிகம்? உலகம் முழுக்கச் சட்டை விற்கிற, எழுபதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் வைத்திருக்கிற கிளப்புக்குத்தான். ஆகவே என் கணக்குப்படி பதில்: ஆமாம், சில பணக்கார கிளப்புகள்தான் ஜெயிக்கும். நாலு என்பது ஆறு ஆகலாம், எட்டு ஆகலாம். இருபது ஆகாது.

சரி, விஷயம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது இங்கிலாந்தைப் பற்றி அல்ல. நாம் பிழைக்க வந்து உட்கார்ந்திருக்கிற இந்த மும்பையைப் பற்றி.

மும்பை சிட்டி எஃப்.சி. 2014ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது பிறந்த கிளப். நடிகர் ரன்பீர் கபூர், ஆடிட்டர் பிமல் பரேக் இருவரும் முதலாளிகள். முதல் வருடம் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2019 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் அதே சிட்டி ஃபுட்பால் குரூப் வந்து 65 சதவீதப் பங்கை வாங்கியது. அபுதாபி பணம் அந்தேரி ஸ்டேடியத்துக்கு வந்தேவிட்டது. அடுத்த வருடம் கோவா அணியின் பயிற்சியாளர் லோபேராவையும், கூடவே அங்கிருந்த நல்ல ஆட்டக்காரர்கள் சிலரையும் கொண்டு வந்தார்கள். 2020-21ல் லீக் ஷீல்டும் கோப்பையும் இரண்டுமே இவர்களுக்கு. 2022-23ல் மறுபடி ஷீல்டு. 2024 மே மாதம் கொல்கத்தாவிலேயே போய் மோகன் பகானை 3-1 என்று ஜெயித்து மறுபடி கோப்பை.

எதிர்ப்பக்கம் மோகன் பகான். 1889ல் ஆரம்பித்த கிளப், 1911ல் வெள்ளைக்காரப் பட்டாள அணியைத் தோற்கடித்துப் பெயர் வாங்கிய கிளப். அதன் ஃபுட்பால் அணியில் 2020 முதல் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்தின் பணம். அவர்கள் 2022-23 கோப்பை, 2023-24 ஷீல்டு, 2024-25ல் இரண்டுமே. கூட்டிப் பாருங்கள். அந்த மூன்று சீசனில் ஷீல்டும் கோப்பையுமாக மொத்தம் ஆறு பட்டங்கள். ஆறும் இந்த இரண்டு கிளப்புகளுக்கே. இங்கிலாந்தில் ஐந்து பேர் பங்கு போட்டதை நாம் இரண்டு பேரில் முடித்துவிட்டோம்!

இத்தனைக்கும் ஐ.எஸ்.எல்.லில் சம்பள உச்சவரம்பு உண்டு. பல வருடம் அது அணிக்கு 16.5 கோடி ரூபாய். உச்சவரம்பு மட்டும் வைத்தால் சமம் வந்துவிடாது என்பதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் இருக்கிறது. ஐ.பி.எல்.லில் எல்லா அணிக்கும் ஏலத்தில் ஒரே தொகைதான். ஆனாலும் 2025 வரை நடந்த 18 சீசனில் சென்னை ஐந்து, மும்பை ஐந்து. (எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்று நாள் சமையல் நடக்காது. நான் சென்னை, பிள்ளைகள் மும்பை.) ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 2022லும் 2024லும் கடைசி இடம் மும்பை, 2025ல் கடைசி இடம் சென்னை. ஐந்து பட்டம் எடுத்தவனும் அடிவாரத்துக்கு வருகிறான், மறு வருடமும் அதே பணத்தோடு ஏலத்துக்கு வருகிறான். கடை மூடுவதில்லை. ஏனென்றால் டி.வி. பணம் கொட்டுகிறது, எல்லோருக்கும் பங்கு வருகிறது.

ஃபுட்பாலில் கதை வேறு. ஐ.எஸ்.எல்.லில் கிளப்புகள் வருடா வருடம் கோடிக்கணக்கில் பங்கேற்புக் கட்டணம் கட்டி, ஆட்டக்காரர் சம்பளமும் கொடுத்து, முதலாளியின் கைக்காசில்தான் பெரும்பாலும் ஓடின. லீகை நடத்தும் கம்பெனிக்கும் அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்துக்கும் இடையே 2010 டிசம்பரில் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாததால் 2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. உரிமைக்கு டெண்டர் விட்டால் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2025 டிசம்பர் கடைசியில் சிட்டி ஃபுட்பால் குரூப் தன் பங்கை விட்டுவிட்டு மும்பையை விட்டுக் கிளம்பியது. கிளப் பழைய முதலாளிகளிடமே திரும்பி வந்தது. பிறகு அரசாங்கம் தலையிட்டு, 2026 பிப்ரவரியில் சுருக்கமான ஒரு சீசனை ஆரம்பித்தார்கள்.

ஆறு வருடம். நாலு பட்டம். வந்தார்கள், ஜெயித்தார்கள், போனார்கள்.

நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாளைக்கு லீக் இருக்குமா என்றே தெரியாத தொழிலில் பணம் போடு என்று எந்தப் பேங்கரும் சொல்லமாட்டான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பணக்காரன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான் என்று நாம் புலம்பிக்கொண்டிருந்தோம். அவன் எழுந்து போனபோதுதான் தெரிந்தது, நம் பிரச்சினை அவன் ஜெயிப்பது அல்ல, அவன் போனால் கூடாரமே சரிந்துவிடும் என்பது.

மும்பைக்கு இது புதிதும் இல்லை. இந்த ஊர் ஃபுட்பால் ஒரு காலத்தில் கம்பெனிகளின் ஆட்டம். டாடா, மஃபத்லால், ஆர்கே மில்ஸ், ஏர் இந்தியா, மேற்கு ரயில்வே, நம் செம்பூர் ஆர்.சி.எஃப்., பேங்க் அணிகள் என்று கூப்பரேஜ் மைதானத்தில் வரிசையாக வருவார்கள். 1891ல் ஆரம்பித்த ரோவர்ஸ் கோப்பை இந்த ஊரின் பெருமை. கம்பெனி ஒவ்வொன்றாக நொடித்தபோதோ, மனம் மாறியபோதோ அணியும் போனது. ரோவர்ஸ் கோப்பையே புது நூற்றாண்டின் ஆரம்பத்தோடு நின்றுபோனது. மஹிந்திரா யுனைடெட் 2005-06ல் தேசிய லீகை ஜெயித்தது. 2010ல் அணியைக் கலைத்துவிட்டார்கள். சாம்பியன் ஆகி நாலே வருடம்! 2007ல் ஆரம்பித்த மும்பை எஃப்.சி., 2017ல் ஐ-லீகிலிருந்து இறங்கியதோடு சரி.

வெளியூரிலும் இதே கதைதான். முதல் தேசிய லீகை 1997ல் ஜெயித்த பஞ்சாபின் ஜே.சி.டி. 2011ல் மூடப்பட்டது. புனே சிட்டி 2019ல் கலைந்தது, அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. அவர்கள் 2022ல் ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தார்கள். 2025ல் அந்த அணியும் டில்லிக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19ல் ஐ-லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. பெருமையாக இருந்தது, ஊருக்கு எல்லாம் சொன்னேன். இரண்டே வருடத்தில் தேசிய லீகிலிருந்தே காணாமல் போய்விட்டது.

*

இதையெல்லாம் எழுத வைத்தவர் ஒரு இட்லி வியாபாரி. தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கிறார், பூர்வீகம் திருநெல்வேலி ஜில்லா. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்து, ஆறு மணிக்கெல்லாம் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி மாதுங்கா பக்கம் வருவார். நான் அந்த ஏரியா கிளையில் இருந்தபோது பழக்கம். நான் நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் சார்.

அவருடைய இரண்டாவது பையனுக்குப் பதினேழு வயது. லெஃப்ட் பேக் ஆடுவான். இடது கால் தங்கம் என்கிறார்கள் பார்த்தவர்கள். ஒரு கிளப்பின் இளைஞர் அணிக்கு 2025ல் தேர்வாகி, "ஆகஸ்டில் வா, தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஜூலையில் லீகே நின்றது. பிறகு போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. பையன் பன்னிரண்டாவதில் பாதி மனதோடு உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி ஒரு நாள் கடன் தவணை கட்ட வந்தவர், ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், நீங்க கணக்கு வழக்கு தெரிஞ்சவங்க. பயல இதுல விடலாமா, வேண்டாமா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க."

ஒத்தை வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது! அந்தக் காலம் என்றால் சொல்லியிருக்கலாம். ஃபுட்பால் நன்றாக ஆடினால் பேங்கில், ரயில்வேயில், போலீஸில் வேலை. கேரளாவில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் அணிக்கு எத்தனை பேர் ஆடினார்கள்! இந்திய அணியின் கேப்டனாக இருந்த வி.பி. சத்யன் வேலை பார்த்தது நம் சென்னையில், இந்தியன் பேங்கில். அந்தப் பேங்க் அணி தேசிய லீகிலேயே ஆடியது. ஆட்டம் முடிந்தாலும் மாதச் சம்பளமும் பென்ஷனும் நிற்காது. திருவிதாங்கூர் பேங்கே 2017ல் ஸ்டேட் பேங்கோடு கலந்துவிட்டது. எங்கள் பேங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கூடவே கிளப்புகள் மூடிய கதையையும் அவருக்குச் சொன்னேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், பத்து வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய கேண்டீன்காரன் வந்தான். தெனமும் ஆயிரம் இட்லி எனக்கே குடு, தெருவுல சுத்தாதன்னான். எங்க வீட்டுக்காரி வேண்டாம்னுட்டா. ஆயிரம் இட்லி ஒருத்தன் வாங்குனா, அவன் நிறுத்துன அன்னைக்கு ஆயிரம் இட்லியும் மிஞ்சும். நூறு வீட்டுல பத்துப் பத்து வாங்குனா, ஒரு வீடு ஊருக்குப் போனாலும் பத்துதான மிஞ்சும். இந்த ஃபுட்பால்காரங்களுக்கு அது தெரியலயா?"

என் சர்வீஸில் எத்தனையோ கிரெடிட் டிரெயினிங் போயிருக்கிறேன். ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்குக் கடன் கொடுக்காதே என்று ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் சொல்வார்கள். அண்ணாச்சி வீட்டம்மா அதை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது ரயிலில் இதையேதான் யோசித்தேன். இங்கிலாந்திலும் கெட்ட முதலாளி உண்டு, மூழ்கும் கிளப் உண்டு. 1885ல் ஆரம்பித்த பெரி என்ற கிளப்பை 2019ல் லீகிலிருந்தே நீக்கினார்கள். விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹைதராபாத் டில்லிக்குப் போன மாதிரி. ஆனால் விம்பிள்டன் ரசிகர்கள் 2002ல் தாங்களே ஒரு கிளப் ஆரம்பித்து, அடிமட்ட லீகிலிருந்து ஏறி 2011ல் திரும்பவும் லீகுக்குள் வந்துவிட்டார்கள். பெரி ரசிகர்களும் பழைய மைதானத்தை மீட்டார்கள். 2003ல் அப்ரமோவிச் வாங்கிய செல்சியை 2022ல் அரசாங்கத் தடையால் விற்கவேண்டி வந்தது. கிளப் சாகவில்லை. வாங்க வரிசையில் நின்றார்கள்.

காரணம், பணம் நூறு இடத்திலிருந்து வருகிறது. டிக்கெட், சட்டை, மெம்பர்ஷிப். உள்நாட்டு டி.வி. பணத்தில் பாதியை எல்லாக் கிளப்புக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். பிரிமியர் லீகில் கடைசி இடத்துக்கு வந்தாலும் வருடம் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. போதாததற்கு 2025ல் சட்டம் போட்டு, ஃபுட்பாலுக்கென்றே தனி ரெகுலேட்டர் வைத்துவிட்டார்கள். கிளப் வாங்க வருகிறவன் தகுதியானவனா, பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க. நமக்கு ரிசர்வ் பேங்க் மாதிரி. (பாவம், இனி அவர்களுக்கும் தூக்கம் போச்சு.)

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. மோகன் பகான் அணியை ஏ.டி.கே.யோடு இணைத்து, பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளை ஒட்டினார்கள். ரசிகர்கள் விடவில்லை. மூன்று வருடம் கத்தினார்கள். 2023ல் ஏ.டி.கே. போய், மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் ஆனது. பணம் குழுமத்துடையதுதான், ஆனால் தலைமுறை தலைமுறையாக மெம்பர்ஷிப் கார்டு வைத்திருக்கும் வீடுகளைப் பகைத்துக்கொள்ள முடியவில்லை. மும்பை சிட்டிக்கும் உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாத்தா கார்டு, அப்பா கார்டு என்று சொல்ல பத்துப் பன்னிரண்டு வருடம் போதாதே.

எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவில், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போகும் ஊர்கள். அங்கே கிளப் என்பது ஊரின் சொத்து. அந்தக் கரையில் இரயுமன்துறைக்கும் வள்ளவிளைக்கும் இடையே இருக்கும் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று மேலே போனார். அவர் ஆடிய முதல் பெரிய கிளப் இன்று தேசிய லீகில் இல்லை. அவரை உருவாக்கிய கடற்கரையில் இன்றைக்கும் சாயங்காலம் பந்து உருண்டுகொண்டிருக்கிறது.

ஆக, பில்டிங் பிள்ளைகளின் கேள்விக்கு என் பதில் இதுதான். இங்கிலாந்தில் பணக்கார கிளப்புகள் ஆதிக்கம் செலுத்தத்தான் செய்யும். அது எரிச்சலான விஷயம், ஆனால் அது பிழைத்துக்கிடக்கிறவர்களின் பிரச்சினை. யார் ஜெயிப்பது என்ற கவலை நமக்கு வரவேண்டுமென்றால், அடுத்த வருடம் எத்தனை பேர் ஆட வருவார்கள் என்ற கவலை முதலில் தீரவேண்டும். அதற்கு ஒரு அபுதாபி போதாது. பத்துப் பத்து இட்லி வாங்கும் நூறு வீடு வேண்டும். சம்மேளனம் செய்யவேண்டியது ஆயிரம் இருக்கலாம். நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் டி.வி.க்கும் போனுக்கும் கட்டுகிற காசில் ஒரு சின்னப் பங்கு, நம் பக்கத்து மைதானத்துக்குப் போகட்டும். வெள்ளைக்காரன் ஊர் கிளப்பின் சட்டையை ஐயாயிரம் கொடுத்து வாங்கித் தருகிற நாம், உள்ளூர் அணிக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் எடுக்க யோசிக்கிறோம். (இதில் என் வீடும் சேர்த்தி.)

அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். விடுங்கள் என்றேன். ஆனால் ஒரே கிளப்பை நம்பி விடாதீர்கள் என்றேன். பன்னிரண்டாவதை முடிக்கட்டும். கரஸ்பாண்டன்ஸிலாவது பி.காம். சேரட்டும். ரயில்வே, ராணுவம், போலீஸ் அணிகளின் தேர்வுக்கும் போகட்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச்சிங் லைசென்ஸுக்கு வயது வந்ததும் எழுதட்டும். நாலு வாசல் திறந்திருந்தால், ஒன்று சாத்தினாலும் பையன் தெருவில் நிற்கமாட்டான். "நூறு வீடு மாதிரியா சார்?" என்றார். அதேதான் என்றேன்.

பையன் பன்னிரண்டாவது பாஸ். காலேஜில் சேர்ந்துவிட்டான், கூடவே ஒரு லோக்கல் லீக் அணியில் ஆடுகிறான். சம்பளம் கிடையாது, வழிச்செலவும் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் உண்டு. வருகிற ஞாயிறு மத்தியானம் ஆட்டம். கூட்டம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, குடை எடுத்துக்கொண்டு நானும் அண்ணாச்சியும் போகிறோம். செம்பூர், மாதுங்கா, சயன் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது பிள்ளைகளோடு வருவதானால் சொல்லுங்கள். இட்லி அண்ணாச்சி செலவு.